வண்டுகள்

வண்டு என்பது கோலியோப்டெரா வரிசையைச் சேர்ந்த பூச்சியாகும். கிரேக்க மொழியில் இப்பெயருக்கு 'உறைச்சிறகு' என்று பொருள். வண்டை அடையாளம் காண இதுவே போதும். மற்றப் பூச்சிகள் பறக்கப் பயன்படுத்தும் முன்சிறகுகள் வண்டுகளில் கெட்டியாகி முதுகை மூடும் ஓடாக மாறியுள்ளன. மெல்லிய பின்சிறகுகள் அதன் அடியில் மடிந்திருக்கும்.

தமிழில் பெயர்கள் சற்றே ஏமாற்றும். மரத்தைத் துளைத்துக் குடையும் கருவண்டு உண்மையில் தச்சுத்தேனீ. மாறாக, மின்மினிப் பூச்சி ஒரு வண்டு. தீப்பெட்டிக்குள் சிறுவர்கள் வளர்க்கும் பொன்வண்டும், அரிசி மூட்டையில் காணப்படும் சிறு கூன்வண்டும், செடிப்பேனைத் தின்று உழவருக்கு உதவும் பொறிவண்டும் இவ்வரிசையினவே.

சிறகு கிழியாமல் மண்ணிலும் மரப்பட்டையின் அடியிலும் தானியத்திலும் புகுந்து வாழ இந்த ஓடு உதவுகிறது. நீர்வண்டுகள் ஓட்டின் கீழ் காற்றைச் சேமித்துக்கொண்டு மூழ்குகின்றன. இதுவரை ஏறத்தாழ 4 லட்சம் வண்டினங்கள் விவரிக்கப்பட்டுள்ளன. அறியப்பட்ட விலங்கினங்களில் இது ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு. அமேசான் காடுகளின் டைட்டன் வண்டு 16 செ.மீ.க்கு மேல் வளரும். மிகச் சிறிய வண்டுகளோ அரை மில்லிமீட்டர்கூட இருப்பதில்லை.

இந்த வகைவகையான தோற்றமே பலரை வண்டுப் பித்தர்களாக்கியது. கேம்பிரிட்ஜில் மாணவராக இருந்த சார்லஸ் டார்வின், இரு கைகளிலும் ஒவ்வொரு வண்டைப் பிடித்திருந்தபோது மூன்றாவது ஒன்றைக் கண்டார். கையைக் காலியாக்க ஒன்றை வாயில் போட்டுக்கொள்ள, அது காரமான திரவத்தைப் பீய்ச்சியது, துப்பவேண்டியதாயிற்று.

அழகில் பின்தங்கினாலும் பயனில் முந்துவது சாணவண்டு. சாணத்தை உருண்டையாக்கி உருட்டிச் சென்று புதைத்து, அதில் முட்டையிடும். நிலம் உரம் பெறுகிறது, மண்ணும் இளகுகிறது. தென்னாப்பிரிக்காவின் ஒரு சாணவண்டினம், நிலவற்ற இரவில் பால்வழியின் ஒளியைக் கொண்டு நேர்க்கோட்டில் செல்வதை 2013-இல் ஆய்வாளர்கள் காட்டினர். வண்டுகளின் தலையில் அட்டைத் தொப்பி வைத்து வானத்தை மறைத்தபோது அவை திசை தெரியாமல் சுற்றின.

சாணவண்டின் அருமை ஆஸ்திரேலியாவில் தெளிவாகத் தெரிந்தது. அங்கிருந்த வண்டுகள் கங்காரு போன்றவற்றின் உலர்ந்த சிறு புழுக்கைகளுக்குப் பழகியவை. 1788-இல் ஐரோப்பியர் மாடுகளைக் கொண்டுவந்த பின், ஈரமான மாட்டுச்சாணம் அப்படியே காய்ந்து மேய்ச்சல் நிலத்தை மூடியது. அதில் ஈக்கள் பெருகின. ஹங்கேரியில் பிறந்த ஜார்ஜ் போர்னமிசா என்ற பூச்சியியலாளரின் யோசனைப்படி, 1960-களின் இறுதியிலிருந்து வெளிநாட்டுச் சாணவண்டுகள் அங்கு விடப்பட்டன. அவற்றில் பல இனங்கள் நிலைத்து, இன்றும் சாணத்தைப் புதைத்து வருகின்றன.

கால்நடைகளின் குடற்புழுக்களை நீக்கத் தரப்படும் ஐவர்மெக்டின் மருந்து சாணத்துடன் வெளியேறி, அதில் வளரும் வண்டுப் புழுக்களைக் கொல்லக்கூடியது. வண்டுகள் மிகுதியாகப் பெருகும் பருவத்தில் இம்மருந்தைத் தவிர்ப்பதும், மந்தை முழுவதற்கும் கொடுக்காமல் தேவைப்படும் மாடுகளுக்கு மட்டும் கொடுப்பதும் சேதத்தைக் குறைக்கும்.