அணிலுக்கு முதலில் எந்த வண்ணம்?

செல்லங்களே, இன்று அக்ரிலிக் வண்ணத்தில் ஓர் அணிலைத் தீட்டத் தொடங்குவோமா? முதுகில் இருக்கும் அந்த மூன்று வெளிர்கோடுகளை உடனே போட்டுவிடக் கை துறுதுறுக்கும். பொறுங்கள்! கோடுகள் கடைசியில்தான். பென்சிலால் உருவத்தை லேசாக வரைந்துகொண்டு, உடம்பு முழுக்க முதலில் அடர்பழுப்பு பூசுங்கள்.

"இருட்டாக இருக்குமே, ஏன்?" என்கிறீர்களா? கெட்டிக்காரர்கள்! அப்படித்தான் கேட்க வேண்டும்.

டியூபைப் பிதுக்கி, ஒரு துளியைத் தட்டில் வையுங்கள். அதில் நிறத்தூள் இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது. கூடவே, கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் மணிகளும் இருக்கின்றன. அந்தப் பிளாஸ்டிக்கின் பெயர்தான் அக்ரிலிக். பூசியதும் தண்ணீர் ஆவியாகிறது. மணிகள் நெருங்கி, ஒன்றோடொன்று ஒட்டி, மெல்லிய ஏடாகின்றன. நிறத்தூள் அதற்குள் மாட்டிக்கொள்கிறது.

நன்றாகக் காய்ந்துவிட்டால், பிறகு தண்ணீர் பட்டாலும் கரையாது. வாட்டர் கலரில் ஈரத் தூரிகை பட்டால் அடியில் இருக்கும் நிறம் கிளம்பி வந்துவிடும். இதில் அந்தத் தொல்லை இல்லை. அதனால் பழுப்பின் மேலேயே வெளிர்நிறத்தைத் தீட்டலாம். புரிகிறதா?

இனி, நிஜ அணிலைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ரோமங்களின் இடுக்கில் நிழல், மேலே வெளிச்சம். நாம் பூசிய அடர்பழுப்புதான் அந்த நிழல். மெல்லிய தூரிகையால் அதன்மேல் குட்டிக் குட்டிக் கீற்றுகளாக ரோமம் போட வேண்டும்.

எங்கிருந்து ஆரம்பிப்பது? முதுகு ரோமம் தலையிலிருந்து வால் பக்கமாகப் படிந்திருக்கும். அதனால் கீற்றையும் வால் பக்கமாகவே இழுங்கள். ஆனால் முதல் வரிசையை வாலருகே போட்டு, அடுத்தடுத்த வரிசைகளைத் தலையை நோக்கிக் கொண்டு போங்கள். கூரைக்கு ஓடு வேய்பவர் கீழ் விளிம்பில் தொடங்கி மேலே போவாரே, அதே முறை. ஒவ்வொரு வரிசையும் முந்தைய வரிசையின் வேர்ப்பகுதியை மூடிவிடும்.

இன்னொரு வேடிக்கை. ஈரமாக இருக்கும்போது அக்ரிலிக் மணிகள் பால்போல வெளுத்துத் தெரியும். காய்ந்ததும் கண்ணாடிபோல ஆகிவிடும். வெளுப்பு போனால் நிறம் என்னவாகும்? ஆமாம், சற்று அடர்ந்துவிடும்! ஆகவே, வேண்டிய நிறத்தைவிட ஒரு சிட்டிகை வெளிறக் கலந்து, பழைய தாளில் பூசிக் காயவைத்துப் பாருங்கள்.

நடுவில் மதில்மேல் அணில் ஓடினால் பார்க்கப் போங்கள், தப்பில்லை. தூரிகையைத் தண்ணீரில் அலசிவிட்டுப் போங்கள். மணிகள் அதன் மயிரிலும் ஒட்டிக்கொண்டால், அப்புறம் அது ஒட்டடைக் குச்சிக்குக்கூட ஆகாது!