மரத்துப்போன கால்: யாரைக் கேட்பது?

"பிரசவத்துக்கு முதுகுல ஊசி போட்டாங்க. அன்னையிலேருந்து வலது காலு மரக்கட்டை மாதிரி கெடக்கு." காலனிப் பெண்களிடம் நாம் கேட்கும் குறை இது. மருத்துவமனையில் சொன்னால், "சரியாயிடும், போம்மா" என்பதே பதில். நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவருக்குக் கால் போனால் கூலியும் போகிறது.

நியாயமாகவே பேசுவோம். முதுகுத்தண்டு ஊசியால் நிரந்தர நரம்புப் பாதிப்பு வருவது அரிது. பிரசவத்தில் குழந்தையின் தலை நரம்பை அழுத்தினாலும் கால் மரக்கலாம். எல்லாப் பாதிப்பும் மருத்துவரின் அலட்சியம் ஆகாது. ஆனால், மருந்தின் வேகம் சில மணி நேரத்தில் தணிய வேண்டும். அதன் பிறகும் கால் அசையவில்லை, சிறுநீர் பிரியவில்லை, முதுகுவலி கூடுகிறது என்றால் ரத்தக்கட்டு தண்டுவடத்தை அழுத்துகிறதா என்று உடனே ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும். தாமதித்தால் கால் மீள்வது கடினம். ஊசி போட்டதில் தவறே இல்லாவிட்டாலும், நோயாளி சொன்னதைக் காதில் வாங்காதது தவறாகலாம். யார் சொல்லைக் காதில் வாங்குவார்கள் என்பதில் சாதியும் இருக்கிறது என்பது நமக்குத் தெரியும்.

1995இல் உச்ச நீதிமன்றம் மருத்துவ சேவையை நுகர்வோர் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. எல்லோருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் அரசு மருத்துவமனைகளுக்கு அது பொருந்தாது. நம் மக்கள் அதிகம் போவதோ அங்கேதான். அதனால் கதவு மூடிவிட்டதாக நினைக்க வேண்டாம். உரிமையியல் நீதிமன்றம் இருக்கிறது. ஹரியானாவில் அரசு மருத்துவமனையில் செய்த கருத்தடை அறுவை சிகிச்சை தோற்று, மீண்டும் பிள்ளை பெற்ற கூலித் தொழிலாளிப் பெண் ஒருவர் அப்படித்தான் வழக்குப் போட்டார். அவருக்கு அரசே இழப்பீடு தர வேண்டும் என்பதை 2000இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் வேண்டாமா? 1987ஆம் ஆண்டு சட்டப்படி பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள் ஆகியோருக்கு வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுத்தால் போதும்.

அலட்சியத்தை நிரூபிக்கும் சுமை பொதுவாக நம்மீதே விழும். ஆகவே மயக்க மருந்துக் குறிப்பு உட்பட சிகிச்சை ஆவணங்களை எழுத்து மூலம் கேளுங்கள். 72 மணி நேரத்தில் தர வேண்டும் என்பது மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு விதி. தனியார் மருத்துவமனை என்றால் இரண்டு ஆண்டுகளுக்குள் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக வேண்டும்.

அறுவைக்கு முன் நம்மிடம் கைநாட்டு வாங்குகிறவர்கள், அறுவைக்குப் பின் நாம் கேட்கும் காகிதத்தையும் தரத்தான் வேண்டும்.