பொம்மைக் கார் ஓடும் தீப்பெட்டித் தெரு

பிள்ளைகளின் பொம்மைக் காரைத் தரையில் வைத்துப் படம் எடுத்தால், அது பொம்மைக் கார் படமாகத்தான் வரும். அதே கார் ஒரு தெருவில் நிற்பது போலவும், பார்ப்பவர் நிஜக் கார் என்று ஏமாறும்படியும் எடுக்க முடியும். இதற்குப் பெரிய கேமராவும் மேக்ரோ லென்ஸும் வேண்டும் என்று நினைத்துப் பணத்தைக் கொட்டி விடாதீர்கள். புதியவர்களுக்கு அவை இந்த வேலையில் இடைஞ்சலாகவே இருக்கும். கையில் உள்ள மொபைல் போன், வீட்டுக் கம்ப்யூட்டர், குப்பைக் கூடைக்குப் போகவிருக்கும் சில பொருட்கள் போதும்.

இதைச் செய்து காட்டியவர் அமெரிக்காவின் மைக்கேல் பால் ஸ்மித். 2018-ல் மறைந்த இவர், கட்டடங்களுக்கு மாதிரி செய்யும் தொழில் தெரிந்தவர். எல்ஜின் பார்க் என்று, எந்த வரைபடத்திலும் இல்லாத ஓர் ஊரை உருவாக்கினார். 1:24 அளவு மாடல் கார்களையும், தானே செய்த கட்டடங்களையும் ஒரு சிறிய மேஜையில் அடுக்கி, அந்த மேஜையை வெளியே கொண்டு போய் வைப்பார். பின்னால் தூரத்தில் நிஜ மரங்களும் வீடுகளும் இருக்கும். மேஜையின் விளிம்பு நிஜத் தெருவோடு சேர்வது போலத் தெரியும் இடத்தில் கேமராவை வைத்து எடுப்பார். இரண்டு படங்களைக் கம்ப்யூட்டரில் ஒட்டும் வேலையே கிடையாது. அவர் பயன்படுத்தியது சாதாரண பாயின்ட் அண்டு ஷூட் டிஜிட்டல் கேமரா.

கணக்கில் இருக்கிறது சூட்சுமம்

காரின் அடியில் 1:64 என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். உள்ளங்கையில் அடங்கும் கார்கள் பெரும்பாலும் இந்த அளவை ஒட்டியே வரும். நிஜத்தில் 64 செ.மீ. உள்ளது இங்கே 1 செ.மீ. என்று பொருள். பத்தடி உயரச் சுவர் ஏறத்தாழ 4.8 செ.மீ. ஆகி விடும். நிமிர்த்தி வைத்த தீப்பெட்டியும் ஏறக்குறைய அந்த உயரம்தான்! நான்கு காலித் தீப்பெட்டிகளுக்கு வெள்ளைத் தாள் ஒட்டினால் ஒரு கடைத் தெரு தயார். கதவை 3.3 செ.மீ. உயரத்துக்கு வரையவும்.

தீர்ந்து போன பால்பாயின்ட் ரீபிள், தெரு விளக்குக் கம்பம். தண்ணீர் பாட்டிலின் கறுப்பு மூடி, மொட்டை மாடித் தண்ணீர் டேங்க். உப்புத்தாளில் மெல்லிய ரகம், தார் ரோடு. அட்டைப் பெட்டியின் மேல் தாளை நனைத்து உரித்தால் உள்ளே வரும் அலை அலையான அட்டை, ஆஸ்பெஸ்டாஸ் கூரை. (ஆனால் இந்த அலைகள் 1:64 காருக்குப் பெரிது, 1:24 காருக்குப் பொருந்தும்.) மணல் மட்டும் வேண்டாம். அரை மில்லிமீட்டர் மணல் துகள் 64 மடங்கானால் 3 செ.மீ.க்கு மேற்பட்ட ஜல்லி! தெருப் புழுதிக்கு முகப்பவுடர் அல்லது சலித்த சாம்பல்தான் சரி. தண்ணீரும் இப்படித்தான் காட்டிக் கொடுக்கும். துளியின் அளவை நம்மால் சுருக்க முடியாது. மழையில் நனைந்த ரோடு வேண்டுமானால் நிறமில்லாத நெயில் பாலிஷை மெலிதாகப் பூசி உலர விடவும்.

பழைய கம்ப்யூட்டரின் மதர்போர்டும் ரேமும் தொழிற்சாலைக் காட்சிக்கு நன்றாக இருக்கும். ஆனால் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியைத் திறக்கக் கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கெபாசிட்டர்களில் ஆபத்தான மின்சாரம் தங்கியிருக்கும்.

போனைத் தலைகீழாகப் பிடியுங்கள்

நிற்கும் மனிதனின் கண், தரையிலிருந்து ஏறத்தாழ ஐந்தடி உயரத்தில் உள்ளது. 1:64 கணக்கில் அது சுமார் 2.4 செ.மீ. போனை நிமிர்த்தி மேஜையில் வைத்தால் லென்ஸ் 14 செ.மீ. உயரத்தில் இருக்கும். அதாவது, 9 மீட்டர் உயர மாடியிலிருந்து தெருவை எட்டிப் பார்ப்பது போல. போனைத் தலைகீழாக்கி மேஜையில் ஊன்றினால் லென்ஸ் சரியான உயரத்துக்கு இறங்கி விடும். இந்த ஒரு மாற்றத்திலேயே கார் பெரிதாகி விட்டது போலத் தெரியும்.

அடுத்தது மங்கல். மிக அருகில் எடுத்தால் காரின் முகப்பு தெளிவாகவும், மற்றதெல்லாம் மங்கலாகவும் வரும். நிஜத் தெருவை நடந்து போய்ப் பார்க்கும்போது அப்படித் தெரிவதில்லை. எனவே 'இது பொம்மை' என்று மூளை உடனே முடிவு கட்டி விடுகிறது. நிஜ நகரத்தின் படத்தில் மேலும் கீழும் மங்கலாக்கி, அதைப் பொம்மை ஊர் போலக் காட்டுகிறார்களே, அதன் மறுபக்கம் இது. சென்சார் பெரிதானால் இந்த மங்கல் கூடும். அதனால்தான் பெரிய கேமரா வேண்டாம் என்றேன். போனில் போர்ட்ரெய்ட் மோடை அணைத்து விட்டு, ஓர் அடி தள்ளி நின்று எடுக்கவும். பிறகு கம்ப்யூட்டரில் வெட்டிக் கொள்ளலாம். 12 மெகாபிக்ஸல் படம் 4000 x 3000 புள்ளிகள் கொண்டது. நீளத்திலும் உயரத்திலும் பாதியாக வெட்டினாலும் 2000 x 1500 மிஞ்சும். 6 x 4 அங்குலப் பிரிண்டுக்கு 1800 x 1200 போதும்.

போன் அசையாமல் இருக்க டைமரை 2 அல்லது 3 விநாடி வைக்கவும்.

சூரியன் ஒன்றுதானே! அறை விளக்குகளை அணைத்து, ஒரே ஒரு டேபிள் லேம்ப்பைப் பக்கவாட்டில் மூன்றடி தள்ளி வைக்கவும். இருண்டு போகும் எதிர்ப் பக்கத்தில் வெள்ளைத் தாளை நிறுத்தினால் நிழல் கொஞ்சம் தெளியும்.

மானிட்டரே ஆகாயம்

வெளியே மேஜை போட வசதி இல்லாதவர்கள், வானமும் மரமும் உள்ள ஒரு படத்தை மானிட்டரில் முழுத் திரையாகத் திறந்து, அதற்கு முன்னால் ஒன்றரை அடி தள்ளித் தெருவை அமைக்கலாம். மிக ஒட்டி வைத்தால் திரையின் புள்ளிகள் கோடு கோடாகப் படத்தில் விழும். லேம்ப் வெளிச்சம் திரையில் படவும் கூடாது. போன் திரையில் காரின் மீது விரலை அழுத்திப் பிடித்தால் போகஸ் அங்கேயே நிற்கும். பின்னால் வானம் வெளுத்துத் தெரிந்தால் மானிட்டரின் பிரைட்னஸைக் குறைக்கவும்.

படத்தைத் திருத்துதல்

போனை யு.எஸ்.பி. கேபிளால் இணைத்து, போனில் 'பைல் டிரான்ஸ்பர்' என்பதைத் தேர்ந்தெடுக்கவும். டி.சி.ஐ.எம். என்ற போல்டரில் படங்கள் கிடைக்கும். அவற்றைக் கம்ப்யூட்டரில் வேறு போல்டருக்குக் காப்பி செய்து, காப்பியில் மட்டும் வேலை செய்திடவும்.

திருத்துவதற்கு ஜிம்ப் என்ற இலவச சாப்ட்வேர் போதுமானது. கிராப் டூலால் மேஜை விளிம்பை வெட்டித் தள்ளவும். 'கலர்ஸ்' மெனுவில் 'லெவல்ஸ்' சென்று வெளிச்சத்தைச் சரி செய்யவும். பசை வழிந்த இடம், கை ரேகை போன்றவற்றுக்கு ஹீல் டூல். கண்ட்ரோல் கீயை அழுத்தியபடி நல்ல பகுதியில் ஒரு கிளிக், பிறகு கீயை விட்டுக் கெட்ட பகுதியில் தேய்க்க வேண்டியதுதான். இதில் அளவோடு இருங்கள். தீப்பெட்டியின் மடிப்பும் சிராய்ப்பும் கொஞ்சம் இருந்தால்தான் தெரு பழையதாகத் தெரியும்.

புதியவர்கள் ஜிம்ப்பில் திணறும் இடம் ஒன்று உண்டு. 'சேவ்' கொடுத்தால் எக்ஸ்.சி.எப். என்ற அதன் சொந்த வடிவில்தான் பைல் பதிவாகும். அதை நண்பருக்கு அனுப்பினால் அவரால் திறக்க முடியாமல் போகலாம். அனுப்புவதற்கும் பிரிண்ட் போடுவதற்கும் 'பைல்' மெனுவில் 'எக்ஸ்போர்ட் ஆஸ்' கிளிக் செய்து, பெயரின் முடிவில் புள்ளி வைத்து ஜேபிஜி என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை டைப் செய்திடவும். எக்ஸ்.சி.எப். பைலை அழித்து விட வேண்டாம். பிறகு திருத்த நினைத்தால் அதுதான் வேண்டியிருக்கும்.