உங்களுக்குத் தெரியுமா? குமணன்சாவடியின் ‘சாவடி’

பூந்தமல்லியை ஒட்டி அடுத்தடுத்து அமைந்த குமணன்சாவடி, கரையான்சாவடி ஆகிய இரு ஊர்ப்பெயர்களின் ஈற்றில் நிற்கும் ‘சாவடி’ என்னும் சொல், வழிப்போக்கர் இளைப்பாறுவதற்கும் ஊரார் கூடி வழக்குப் பேசுவதற்கும் பொதுவில் விடப்பட்ட கூரையிட்ட இடத்தைக் குறிப்பதாகும். தெலுங்கிலும் கன்னடத்திலும் இவ்வாறே வழங்கும் இச்சொல், நான்கு வழிகள் கூடும் இடம் எனப் பொருள்படும் வடமொழித் தொடரிலிருந்து வந்ததென்பாரும் உளர். சாலைச் சந்திப்புகளை நோக்க அது பொருத்தமாகத் தோன்றினும், ஒலியொப்புமை ஒன்றையே கொண்டு வேர் காண்பது இடறலுக்கு இடந்தருவதே.

ஆங்கிலேயர் வாயில் இது ‘சவுல்ட்ரி’ எனத் திரிந்து, மதராஸில் சிறு வழக்குகளை விசாரித்த மன்றத்துக்குச் ‘சவுல்ட்ரி நீதிமன்றம்’ என்ற பெயரைத் தந்தது. மதுரைப் புதுமண்டபத்தைக்கூட ஐரோப்பிய ஓவியர்கள் திருமலை நாயக்கரின் ‘சவுல்ட்ரி’ என்றே குறித்தனர். வழிப்போக்கர் விடுதிக்கும் கோயில் மண்டபத்துக்கும் உள்ள வேறுபாடு அவர்களுக்குப் பிடிபடவில்லை போலும். ஸ்காட்லாந்தில் பிறந்த ஹென்றி யூல், ஏ. சி. பர்னலுடன் தொகுத்து 1886இல் வெளியான ‘ஹாப்சன்-ஜாப்சன்’ சொற்களஞ்சியத்தில் ‘சவுல்ட்ரி’ என்ற சொல்லுக்குத் தனிப்பதிவு உண்டு.

தங்குமிடம் என்ற பழம்பொருள் சத்திரத்துக்கும் விடுதிக்கும் போய்விட, சொல் மட்டும் வாக்குச்சாவடி, சோதனைச்சாவடி என அரசு வழக்கில் நிலைபெற்றது. வானகரத்தில் வண்டிகள் வரிசைகட்டி ஊர்ந்து, கட்டணம் செலுத்திக் கடக்கும் இடமும் சுங்கச்சாவடிதான், இளைப்பாறுவதற்கு மட்டும் அங்கே இடமில்லை.