தேக்கைத் தின்னும் புழுவும், புழுவைத் தின்னும் நோயும்

கோடை மழை இரண்டு பெய்து தேக்கு தளிர்விட்ட பிறகு, மே மாத வாக்கில், கேரளத்தின் நிலம்பூர்த் தேக்கங்காட்டுக்குள் நடந்தால் சில நாள்களில் தூறல் விழும் சத்தம் கேட்கும். அண்ணாந்து பார்த்தால் வானம் வெளுத்துக் கிடக்கும். தரையில் காய்ந்த சருகின் மேல் விழுந்துகொண்டிருப்பது புழுக்களின் எச்சம். தலைக்கு மேலே லட்சக்கணக்கான வாய்கள் ஓயாமல் மென்றுகொண்டிருக்கின்றன. சில நாள்களில் காடே மொட்டையாகிவிடும்; இலையில் நடுநரம்பும் தடித்த கிளை நரம்புகளும்தான் மிஞ்சும்.

இதைச் செய்வது ஹைப்ளியா பியூரா என்ற அந்துப்பூச்சியின் புழு. தாய்ப்பூச்சி கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரியது. உட்கார்ந்திருக்கும்போது சருகின் நிறம். பறக்க எழுந்தால்தான் பின்னிறகின் ஆரஞ்சுத் திட்டுகள் பளிச்சிடும். முதிர்ந்த இலையை அது சீண்டுவதில்லை. கசக்கினால் விரல் சிவக்கும் இளந்தளிராகப் பார்த்து, ஒவ்வொரு முட்டையாக ஒட்டிவைக்கும். பொரிந்த புழு இலை விளிம்பைக் கத்தரித்து, மடித்து, பட்டிழையால் தைத்து, அந்த மடிப்புக்குள் ஒளிந்துகொண்டு தின்னும். ஏறக்குறைய இரண்டு வாரத்தில் முழு வளர்ச்சி அடைந்து, நூல் விட்டுத் தரைக்கு இறங்கிச் சருகுக்கடியில் கூட்டுப்புழுவாகிவிடும். ஜாவாவில் அந்தக் கூட்டுப்புழுக்களைத் தேக்கங்காட்டில் பொறுக்கி வந்து வறுத்துச் சாப்பிடுகிறார்கள்.

நிலம்பூரில் 1840களில் கப்பல் கட்ட மரம் வேண்டி மலபார் கலெக்டர் கானலி தேக்கு நட வைத்தார். அவருக்காகக் கன்றுகளை வளர்த்துக் கொடுத்தவர் சாத்து மேனன். இந்தப் புழுவைப் பற்றி 1898-லேயே போர்டில்லான் என்ற வன அதிகாரி எழுதிவிட்டார். ஆனாலும் எண்பது ஆண்டுகளாக ஒரு கேள்வி தீராமல் இருந்தது. இதனால் உண்மையில் நட்டம் உண்டா? மரம் சாவதில்லை. மொட்டையான சில வாரங்களில் மறுபடியும் தளிர்த்துவிடுகிறது. வெட்டும்போது அடிமரத்தில் புழு தின்ற தடயம் எதுவும் தெரியாது. ‘வருஷா வருஷம் வருவதுதானே’ என்று விட்டுவிடுவது எளிது.

1975-ல் பீச்சியில் தொடங்கிய கேரள வன ஆராய்ச்சி நிறுவனம் இந்தக் கேள்வியைக் கையில் எடுத்தது. கே.எஸ்.எஸ். நாயரும் உடன் பணியாற்றியவர்களும் செய்த சோதனையை நம் வன ஆராய்ச்சியின் அருமையான பணிகளில் ஒன்று என்பேன். நிலம்பூரில் இளந்தேக்கைச் சிறு பாத்திகளாகப் பிரித்தார்கள். தேக்கைத் தாக்கும் முக்கிய இலைப்புழுக்கள் இரண்டு. ஒன்று இது, மற்றொன்று ஆண்டின் பிற்பகுதியில் வந்து இலையைச் சல்லடையாக அரிக்கும் வேறொரு புழு. சில பாத்திகளில் முதல் புழுவை மட்டும் தடுத்தார்கள், சிலவற்றில் இரண்டாவதை, சிலவற்றில் இரண்டையும், சிலவற்றை அப்படியே விட்டார்கள். பிறகு ஐந்து ஆண்டுகள் மரங்களை அளந்துகொண்டே இருந்தார்கள். தேக்கு விஷயத்தில் ஒரே ஆண்டில் பதில் கிடைக்காது. சுற்றளவு சென்டிமீட்டர் சென்டிமீட்டராகத்தான் ஏறும்.

சல்லடைப் புழுவால் குறிப்பிடத்தக்க இழப்பே இல்லை. இலை உதிரப்போகும் காலத்தில் வருவதால் மரத்துக்கு அது பொருட்டாகவில்லை. தளிர் தின்னும் புழுவோ மரத்தின் வளர்ச்சியில் 44 விழுக்காட்டைப் பறித்துவிட்டிருந்தது. காப்பாற்றிய பாத்திகளில் ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 6.7 கனமீட்டர் மரம் சேர்ந்தது; புழுவுக்கு விட்டவற்றில் 3.7 மட்டுமே. பிற பராமரிப்பும் சரியாக இருந்தால், 60 ஆண்டுகளில் கிடைக்கும் மரத்தை 26 ஆண்டுகளிலேயே எடுக்கலாம் என்று கணக்கிட்டார்கள். மரம் மறுபடி தளிர்க்கிறதே என்று நாம் நிம்மதியடைந்த ஒவ்வொரு முறையும், வைரமாக வேண்டிய சேமிப்பை எடுத்துத்தான் அது தளிர்த்திருக்கிறது. வரப்போரம் தேக்கு நட்டிருக்கும் நம் விவசாயிகளும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். மொட்டையான கன்று செத்துவிட்டதாகப் பதறத் தேவையில்லை. அதே நேரம் ‘ஒன்றும் ஆகாது’ என்பதும் சரியில்லை.

சரி, எப்படித் தடுப்பது? வளர்ந்த தேக்கின் உச்சிக்குக் கைத்தெளிப்பான் எட்டாது. வானிலிருந்து பூச்சிமருந்து தெளித்தும் பார்த்திருக்கிறார்கள். ஆனால் தேக்கங்காட்டுக்குள் ஓடை ஓடுகிறது, தேனீ இருக்கிறது, யானை நடக்கிறது, மனிதர் வாழ்கிறார்கள். அங்கே நஞ்சை மழையாகப் பொழிவதை என்னால் ஏற்க முடியவில்லை.

விடை புழுவிடமே இருந்தது. புழுக்கள் பெருகிய காலத்தில் சில, உடல் தளர்ந்து கூழாகித் தொங்கிச் செத்துக்கிடந்தன. வி.வி. சுதீந்திரகுமார் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 1988-ல் அதன் காரணமான வைரஸை அடையாளம் கண்டார்கள். செத்த புழுவின் தோல் வெடித்துக் கசியும் நீரில் கோடிக்கணக்கான வைரஸ் துகள்கள்; அது பட்ட இலையைத் தின்னும் அடுத்த புழுவுக்கும் அதே கதி. இந்த வகை வைரஸ் மனிதரையோ பறவையையோ தேனீயையோ தொடுவதில்லை. வெயில் பட்டால் வீரியம் குறையும் என்பதால் பொழுது சாயும் நேரத்தில் தெளிப்பது நல்லது. புழு சிறியதாக இருக்கும்போதே தெளிக்க வேண்டும். பெரிதாகிவிட்டால், சாவதற்குள் தின்ன வேண்டியதைத் தின்று முடித்திருக்கும்.

புழு சிறியதாக இருக்கும் அந்த நாளை எப்படிப் பிடிப்பது என்பதற்கும் நிலம்பூரில் துப்புக் கிடைத்தது. புழு காடெங்கும் ஒரே நாளில் கிளம்புவதில்லை. கோடை மழைக்குப் பின் முதலில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிறு திட்டுகளில், ஓரிரு ஹெக்டேர் அளவில்தான் தோன்றுகிறது. அங்கே வளர்ந்து இறகு முளைத்த பூச்சிகள் கூட்டமாகக் கிளம்பி வேறு தளிர் தேடிப் போகும்போதுதான் நூற்றுக்கணக்கான ஹெக்டேர் மொட்டையாகிறது. பெரும் படையெடுப்பு இல்லாத மாதங்களில் இப்பூச்சி இயற்கைக் காடுகளில் கொஞ்சம் கொஞ்சமாக உயிர்வாழ்கிறது. தேக்கு மட்டும்தான் அதன் உணவு என்றும் இல்லை. மும்பைக் கடலோர அலையாத்திக் காட்டில் வெண்கண்டல் மரங்களையும் மொட்டையடிக்கிறது.

ஆகவே வேலை முன்கூட்டியே தொடங்குகிறது. முதல் மழை நனைத்த மறுவாரம் ஒருவர் தேக்கங்காட்டின் மேட்டில் ஏறி நின்று, பச்சைப் பரப்பில் எந்த மூலையில் தளிரின் விளிம்பு மடிந்திருக்கிறது என்று தேட வேண்டும்.