ஊமைப் பாஷையைப் பேச வைத்த தண்ணீர்!

"தண்ணீர்" என்ற ஒரு சொல், சுமார் 3,000 ஆண்டுகள் மறைந்து கிடந்த ஒரு பாஷையின் ரகசியத்தை வெளிப்படுத்தியது. அந்தப் பாஷையின் பெயர் "ஹிட்டைட்."

துருக்கியில் ஹட்டுசா என்ற பழைய நகரம் இருந்தது. ஹிட்டைட் அரசர்களின் தலைநகரம் அது. கி.மு. 1200-ஐ ஒட்டி அழிந்துவிட்டது. 1906-ல் ஹியூகோ விங்க்ளர் என்ற ஜெர்மன் அறிஞர் அங்கே மண்ணைத் தோண்டினார். ஆயிரக்கணக்கான களிமண் பலகைகள் கிடைத்தன.

அவற்றில் இருந்த எழுத்தை வாசிக்க முடிந்தது. பொருள்தான் விளங்கவில்லை! தெரியாத பாஷையைத் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்தால் நாம் வாசிப்போம், பிறகு விழிப்போம். அறிஞர்களின் கதியும் அதுதான்.

ரொட்டியும் தண்ணீரும்

1915-ல் இந்தப் புதிரை அவிழ்த்தவர் பெட்ரிச் ஹ்ரோஸ்னி. செக் இனத்தவர். அப்போது அவருக்கு வயது 36.

ஒரு வாக்கியத்தில், ரொட்டியைக் குறிக்கும் அடையாளம் இருந்தது. அது அவருக்குத் தெரிந்த அடையாளம். அடுத்து, "எட்ஸ" என்று தொடங்கும் சொல் வந்தது. ஜெர்மன் பாஷையில் "எஸ்ஸன்" என்றால் சாப்பிடுவது! ரொட்டி சாப்பிட்டால் பிறகு என்ன வேண்டும்? தண்ணீர்தானே! அடுத்த சொல்லைப் பார்த்தார். "வாதர்" என்று இருந்தது. இங்கிலீஷில் "வாட்டர்!"

கடன் வாங்கிய சொல்லா?

ஒரு சொல் ஒத்திருந்தால் போதுமா? போதாது. சொல்லைக் கடன் வாங்கலாம். நாமே "காபி" என்ற சொல்லைக் கடன் வாங்கியிருக்கிறோம். ஆனால் சொல் உருமாறும் முறையைக் கடன் வாங்குவது அரிது.

தமிழில் "மரம்" என்கிறோம். "மரமை வெட்டு" என்று சொல்வதில்லை. "மரத்தை வெட்டு" என்கிறோம். "வாதர்" என்ற சொல்லும் இப்படித்தான் மாறுகிறது:

தண்ணீர் – வாதர்.
தண்ணீரின் – விதேனஸ்.
தண்ணீரில் – விதேனி.

"ர்" போய் "ன்" வந்துவிட்டது! நெருப்புக்கும் இதே கதைதான். நெருப்பு, "பஹ்ஹுர்", நெருப்பின், "பஹ்ஹுவேனஸ்."

பங்காளிகள்

தகப்பன் சொத்தைப் பிள்ளைகள் பங்கு போட்டுக்கொள்வது உண்டு அல்லவா? இங்கிலீஷ் "வாட்டர்", "ர்" என்ற பங்கை எடுத்துக்கொண்டது. ஸ்வீடன் நாட்டின் "வாட்டன்", "ன்" என்ற பங்கை எடுத்துக்கொண்டது. வேதகால சமஸ்கிருதத்தில், "தண்ணீரின்" என்பதற்கு "உத்னஸ்." அதிலும் "ன்" இருக்கிறது. ஹிட்டைட் பாஷையிலோ, பிரிக்காத சொத்துப்போல இரண்டும் ஒரே சொல்லில் இருந்தன.

ஆகவே இது தற்செயல் அல்ல; கடனும் அல்ல. இவை எல்லாம் இந்தோ-ஐரோப்பியம் என்ற ஒரே குடும்பத்துப் பாஷைகள். சமஸ்கிருதத்திலிருந்து தமிழுக்கு வந்த "உதகம்" என்ற சொல்லும் இந்த வாதருக்கு உறவுதான்!

அரசர்கள் போனார்கள். நகரம் இடிந்தது. பேச ஆளில்லாத அந்தப் பாஷைக்கு, அதன் உறவினர் யார் என்று சாட்சி சொன்னது ஒரு வாய்த் தண்ணீர்!