விரையில் தோன்றும் அரிய கட்டிகள்

ஆறு வயதுச் சிறுவனின் குரல் கனக்கிறது, மீசை அரும்புகிறது, ஒத்த வயதினரை விஞ்சி அவன் உயர்கிறான். வீட்டார் மகிழ்கின்றனர். வேறொரு வீட்டில் நாற்பது வயதினர் ஒருவரின் மார்பு பெண்களுடையது போல் பருக்கிறது. அவர் வெட்கி அதை மறைக்கிறார். ஒன்றுக்கொன்று மாறான இவ்விரு மாறுதல்களும் ஒரே வகைக் கட்டியால் நேரக்கூடும்.

விரைகள் விந்தணுவை உண்டாக்குவதோடு ஹார்மோனையும் சுரக்கின்றன. விந்தணு விளையும் நுண்குழல்களுக்கு இடையே சில உயிரணுக்கள் உள்ளன. 1850-இல் அவற்றை விவரித்த ஜெர்மானிய அறிஞர் பிரான்ஸ் லைடிக்கின் பெயரால் அவை வழங்குகின்றன. டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஆண்மைச் சுரப்பு இவற்றினின்றே பிறக்கிறது. மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியின் ஆணைக்கு அடங்கிச் சுரப்பது இவற்றின் இயல்பு. கட்டியாகப் பெருகினால் அவ்வடக்கம் நீங்கிவிடுகிறது.

விரைக் கட்டிகளில் நூற்றுக்கு 1 முதல் 3 வரையே இவ்வகையைச் சேர்ந்தவை. 5 முதல் 10 வயதுச் சிறுவரிடத்தும், 30 முதல் 60 வயது ஆடவரிடத்தும் இவை மிகுதியாகத் தோன்றுகின்றன. சிறுவரிடம் பருவம் முந்துகிறது. எலும்பின் வளர்ச்சியும் முன்னதாகவே முடிந்துவிடுவதால், இன்று உயரமாகத் தோன்றும் பிள்ளை பிற்காலத்தில் குள்ளனாக நின்றுவிடலாம். பெரியவர்களிடம் ஆண்மைச் சுரப்பின் ஒரு பகுதி பெண்மைச் சுரப்பாகிய ஈஸ்ட்ரோஜனாக மாறுகிறது. அதனால் மார்பு பருத்தல், இச்சை குன்றல், மகப்பேறின்மை ஆகியன நேரும்.

இக்கட்டி பெரும்பாலும் வலிப்பதில்லை. கைக்குத் தட்டுப்படாத அளவு சிறிதாகவும் இருக்கலாம். அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் அதைக் காட்டிவிடும். இரத்தத்தில் ஹார்மோன்களின் அளவையும் சோதிப்பர். மற்ற விரைப் புற்றுநோய்கள் பலவற்றில் உயரும் இரத்தக் குறிகள் இதில் உயர்வதில்லை. ஆதலின் அவை சரியாக உள்ளன என்பதை மட்டும் கொண்டு அமைதி அடைதல் தகாது.

ஐயத்திற்குரிய விரையை விரைப்பையின் வழியே ஊசியால் குத்திச் சோதிப்பதில்லை. தொடையிடுக்கின் மேற்புறம் கீறியே வெளிக்கொணர்வர். கட்டி சிறிதாயின் அதை மட்டும் அகற்றுவதும் உண்டு. இன்றேல் விரையையே எடுப்பர். எஞ்சிய விரை நலமாயிருப்பின் இல்லறத்திற்கும் மகப்பேற்றிற்கும் பொதுவாக அதுவே போதும். சிறுவரிடம் இக்கட்டி ஏறத்தாழ எப்போதும் தீங்கற்றது. பெரியவர்களில் பத்தில் ஒருவருக்கு இது புற்றுநோயாக அமைந்து, வயிற்றின் பின்புற நிணநீர்க் கணுக்களுக்குப் பரவக்கூடும். பரவிய பின்னர் மருந்தும் கதிர்வீச்சும் போதிய பயன் தருவதில்லை. ஆகவே காலத்தே கண்டு அகற்றுவதே சிறந்த சிகிச்சை. அதன் பின்னரும் மருத்துவர் குறிக்கும் காலம்வரை சோதனைக்குச் செல்லவேண்டும்.

பிற மாநிலங்களில் வாழும் நம்மவர்க்கு மற்றோர் இடர் உண்டு. தாய்மொழியிலேயே சொல்லக் கூசுவதை அயல்மொழி மருத்துவரிடம் எவ்வாறு உரைப்பது? மாறுதல் எப்போது தொடங்கியது என்பதை ஒரு தாளில் குறித்துக்கொண்டு செல்லலாம். இந்தி வழங்கும் இடங்களில் 'அண்ட்கோஷ்' என்றால் விளங்கும். சொல் வரவில்லையெனில் இடத்தைச் சுட்டினாலும் போதும். நாணத்தால் நாட்கள் கழிவதே நாம் அஞ்சத்தக்கது.